தைமும் அம்மாவின் பருப்புக் கறியும்

பீட்சா வாங்கினா கூடவே ஒரு சின்ன பாக்கெட் வருமே, காஞ்ச இலைத்தூள் போட்டது? அந்த மாதிரி இலைகளைத்தான் நான் பயிர் பண்றேன். கிளென்மார்கன்ல முக்கால் ஏக்கர் குத்தகை நிலம். கேரட், உருளைக்கிழங்குக்குப் பக்கத்துல ரோஸ்மேரியும் தைமும். ஆசைப்பட்டு வெச்சதில்லைங்க. கேரட்டை காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுடும், காட்டெருமை மேய்ஞ்சுடும். இந்த வாசனைச் செடிங்களை இதுவரைக்கும் எங்க நிலத்துல எதுவும் தொட்டதில்லை.

ஏஜென்ட் வந்து பச்சையா வாங்கிட்டு கோவை, பெங்களூர் ஹோட்டல்களுக்கு அனுப்புவார். அஞ்சு வருஷம் வித்தோம். எங்க வீட்டுக் குழம்புல ஒரு இலை விழுந்ததில்லை.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு. ஹோட்டல் எல்லாம் மூடியாச்சு. ஏஜென்ட் போனே எடுக்கலை, பழைய பாக்கியும் நின்னு போச்சு. தைமை வெட்டாம விட்டா பூத்து, தண்டு கட்டையாயிடும். அதனால வெட்டினோம். வெட்டினதை திண்ணையில குவிச்சு வெச்சுட்டு நானும் என் சம்சாரமும் முகத்தை முகத்தைப் பார்த்துட்டு இருந்தோம்.

அப்போ அம்மாவுக்கு 78 வயசு. மெல்ல வந்து ஒரு கொத்தை எடுத்து உள்ளங்கையில கசக்கி மோந்து பார்த்துட்டு, "இது ஓமம்டா"ன்னாங்க. படிக்காத அம்மா சொன்னது சரிதான். ஓமத்துக்கும் தைமுக்கும் அந்தக் காரமான வாசம் தர்றது தைமால்னு ஒரே பொருள்தானாம், பின்னால தெரிஞ்சுக்கிட்டேன்.

அம்மாவைப் பத்தி இங்க சொல்லியாகணும். பொறந்து வளர்ந்தது இலங்கையில, பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1964ல போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல எங்களுக்கு விழுந்தது இந்தியா. 1974ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தப்ப எனக்கு ஏழு வயசு. அங்க லயத்துக்குப் பின்னால பீலிக்கரையில ரம்பை புதரா நிக்குமாம். பருப்புக் கறியோ கோழியோ, ஒரு துண்டு ரம்பை இலை போடாம இறக்க மாட்டாங்க. இங்க வந்து ரெண்டு தடவை கன்னு வாங்கி வெச்சாங்க. ரெண்டும் ஜனவரி உறைபனியில கருகிப் போச்சு. அதுக்கப்புறம் 46 வருஷம் அந்த வாசம் இல்லாத பருப்பைத்தான் சாப்பிட்டாங்க, குறை சொல்லிக்கிட்டே.

சரி, தைமுக்கு வர்றேன். முதல்ல தகரத்துல வெயில்ல போட்டோம். வைக்கோல் நிறமாயிடுச்சு, வாசமும் போச்சு. அடுத்து நிழல்ல கொத்துக் கொத்தா தொங்கவிட்டோம். ஜூன் மாச மூடுபனி, பூசணம் பிடிச்சிடுச்சு. கடைசியில அம்மா சொன்னபடி, சமையல் முடிஞ்சு கனல் மட்டும் இருக்கிற நேரமா பார்த்து அடுப்புக்கு மேல பரண்ல பரப்பினோம். நாலு நாள்ல, தொட்டா இலை சத்தத்தோட உடைஞ்சுது. உருவி, காம்பை எடுத்துட்டு பாட்டில்ல அடைச்சாச்சு.

என் சம்சாரம் முதல் தடவை ரோஸ்மேரியை கருவேப்பிலை மாதிரி பருப்புல அள்ளிப் போட்டுட்டா. நீலகிரித் தைலத்தைக் குடிச்ச மாதிரி இருந்துச்சு! அதுலயும் தைல மரத்துல இருக்கிற சினியோல்தான் இருக்காம். ரோஸ்மேரிக்கு சூடான எண்ணெயும் உருளைக்கிழங்கும் போதும், அதுவும் ஒரு சிட்டிகை.

பருப்புக்கு அம்மாவே ஒரு கலவை சேர்த்தாங்க. தைம் மூணு பங்கு, ஜன்னலோரத் தொட்டியில இருந்த கற்பூரவல்லியைக் காய வெச்சு ரெண்டு பங்கு, பூக்காரம்மாகிட்ட வாங்கின மரு ஒரு பங்கு. கடைப் பாக்கெட்டுல மார்ஜோரம்னு போட்டிருக்கே, அது இந்த மருதான். மாலையில கட்டுறதைப் போய் குழம்புல போடுறதான்னு என் சம்சாரத்துக்கு சிரிப்பு. துவரம்பருப்பை வேக வெச்சு, பூண்டு, பச்சை மிளகாய் போட்டு, தேங்காய்ப்பால் ஊத்தி, இறக்கப் போறப்ப அரை ஸ்பூன் கலவையைக் கசக்கிப் போட்டாங்க.

ஒண்ணும் பேசாம சாப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாங்க. கை கழுவும்போது, "ரம்பை இல்லை. ஆனா வெறும் பருப்பும் இல்லை"ன்னாங்க.

2022ல தவறுற வரைக்கும் அந்த பாட்டிலை தலைமாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்தாங்க, மருமக அளவு தெரியாம போட்டுடுவாளாம்.

இப்போ வேற ஏஜென்ட் வர்றார், பணம் கையில குடுக்கிறார். வீட்டோரமா இருக்கிற ஒரு வரிசைத் தைமை மட்டும் அவருக்கு வெட்டுறதில்லை. ஏன் இதை விட்டு வெச்சிருக்கீங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். விதைக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்.