முஷிஷி பார்க்கச் சொல்கிறேன், சில நிபந்தனைகளுடன்

ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விடுதியில் யாரேனும் ஒருவர் என் அறைக் கதவைத் தட்டி, "அக்கா, பார்க்கிற மாதிரி ஒரு அனிமே சொல்லுங்களேன்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நானும் ஒவ்வொரு முறையும் 'முஷிஷி' என்றே விடை சொல்கிறேன். இதுவரை ஏழு பேரிடம் சொல்லியிருப்பேன். நால்வர் இரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டனர். வேதியியல் துறை மாணவி ஒருத்தி, "ரொம்ப நல்லாத் தூக்கம் வருது அக்கா" என்று மனமார நன்றி கூறினாள். பிழை தொடரில் இல்லை, நான் அறிமுகப்படுத்திய விதத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுவதால் இம்முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் அடிப்படைச் செய்திகள். யுகி உருஷிபாரா 1999 முதல் 2008 வரை தொடர்ந்து வரைந்த மங்கா இது. பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. ஹிரோஷி நாகஹாமாவின் இயக்கத்தில் ஆர்ட்லேண்ட் நிறுவனம் 2005 அக்டோபரில் இதைத் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தது. முதல் பருவத்தில் 26 அத்தியாயங்கள். 2014இல் அதே இயக்குநரிடமிருந்து மேலும் 20 வந்தன. அவற்றையொட்டிச் சில சிறப்பு அத்தியாயங்களும் உண்டு. கட்சுஹிரோ ஒட்டோமோ நடிகர்களைக் கொண்டு எடுத்த திரைப்படமும் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பார்க்காமலும் விடலாம்.

கதை நிகழும் காலம் எந்த வரலாற்று நூலிலும் இல்லாதது. எடோ காலம் முடிந்தும் மெய்ஜி காலம் பிறக்காமலும் இடையில் ஒரு காலம் இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனை. ஊரார் அனைவரும் கிமோனோவில் இருக்க, கிங்கோ என்பவன் மட்டும் நம் காலத்துச் சட்டையும் காற்சட்டையுமாக, முதுகில் மரப்பெட்டியைச் சுமந்து மலையூர்களுக்கிடையே நடந்துகொண்டிருக்கிறான். வெள்ளை முடி, ஒற்றைக் கண், அதுவும் பச்சை. 'முஷி' எனப்படும் உயிர்களைப் பற்றி அறிந்தவன் என்பதால் அவன் முஷிஷி. ஓர் ஊரில் யாருக்கோ விளங்காத நோய், அல்லது நோய் என்றுகூடச் சொல்லமுடியாத ஏதோ ஒன்று. அவன் வருகிறான், கேட்கிறான், பார்க்கிறான், தன்னால் இயன்றதைச் செய்கிறான், போய்விடுகிறான். முஷிகள் அவனை நாடி வந்து சேரும் இயல்புடையவை. ஆகவே ஓரிடத்தில் தங்கினால் அந்த இடம் கெடும். ஓயாமல் புகைப்பதும் அவற்றை விலக்கி வைக்கத்தான்.

முஷி என்றால் என்ன? பேயும் அன்று, தெய்வமும் அன்று. முதல் அத்தியாயத்தில் கிங்கோ தன் கையை நீட்டி இதை விளக்குகிறான். நான்கு விரல்கள் விலங்குகள், கட்டைவிரல் தாவரங்கள், நடுவிரலின் நுனியில் மனிதர். உள்ளங்கையை நோக்கி இறங்க இறங்க எளிய உயிர்கள். மணிக்கட்டில் எல்லாம் ஒன்றாகின்றன. அதையும் தாண்டிக் கையேறி நெஞ்சை நோக்கிப் போனால், உயிரின் ஊற்றுக்கு அருகில் இருப்பவை முஷி. வகைப்பாட்டியலில் இத்தனை அழகிய கரும்பலகைப் படத்தை எந்த ஆசிரியரும் எனக்கு வரைந்துகாட்டியதில்லை.

'முஷி' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் பூச்சி, புழு என்பதே நேர்ப்பொருள். அச்சொல்லுக்குரிய எழுத்து ஆதியில் பாம்பின் வடிவிலிருந்து வந்தது என்பர். இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. இருட்டில் கொல்லைப்பக்கம் போனால், "பூச்சி பொட்டு கிடக்கும், பாத்துப் போ" என்பார். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற அச்சத்தில் பாம்பைப் பூச்சியாக்கிய நம் ஊர்ப் பேச்சுக்கு இத்தொடர் அயலானதன்று. ஜப்பானியர் காரணமின்றி மனத்தில் தோன்றும் முன்னுணர்வை 'முஷி தந்த செய்தி' என்கின்றனர். அடங்காத கோபத்தை வயிற்றிலுள்ள முஷியின் மேல் ஏற்றுகின்றனர். 1568ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஹரிகிகிகாகி' என்ற மருத்துவச் சுவடி கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடலுக்குள் குடியிருந்து நோய் தரும் விசித்திர உயிர்களை வண்ணப் படங்களாகத் தீட்டிய சுவடி அது. உருஷிபாராவின் கற்பனை வேரூன்றிய மண் மிகப் பழையது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அறிவியல் வரலாறு படிப்பவர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

இனி நிபந்தனைகள். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும். ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகக் கலங்கிப்போகும். வாரம் ஒன்றாக ஒளிபரப்பானது இது. அந்த இடைவெளியும் ஆக்கத்தின் பகுதிதான். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் தோஷியோ மசுதா அந்தக் கதைக்கென்றே அமைத்த தனி இசை வருகிறது. பெயர்ப்பட்டியல்தானே என்று தாவிவிடாதீர்கள். தொடக்கப் பாடல் ஸ்காட்லாந்துக்காரரான அல்லி கெர் பாடிய ஆங்கிலப் பாடல். முதல் நாள் அது பொருந்தாதது போலிருக்கும், பத்தாம் நாள் அது இல்லாமல் தொடங்க மனம் வராது. அத்தியாயங்களின் வரிசை பெரும்பாலும் பொருட்டன்று. 12ஆம் அத்தியாயத்தை மட்டும் முந்திக்கொண்டு பார்க்கவேண்டாம். கிங்கோவின் பழங்கதை அது. அவனை ஓரளவு அறிந்தபின் பார்ப்பதே முறை.

கடைசி நிபந்தனைதான் முக்கியமானது. மனத்தை ஆற்றும் தொடர், மன அழுத்தத்துக்கு மருந்து என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நானே அப்படித்தான் சொல்லி நால்வரை இழந்தேன். தொடரின் குரல் தாழ்ந்தது, சொல்லப்படுவது தாழ்ந்ததன்று. குழந்தைகள் இறக்கின்றனர். காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொல்லாமல் போகின்றனர். கிங்கோ சரியாகக் கணித்து, சரியான மருந்தைக் கொடுத்தும் தோற்றுப்போகிறான்.

என்னை உலுக்கியது ஆறாம் அத்தியாயம். அதைப் பார்த்த காலத்தில் நான் நல்கொண்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கள ஆய்விலிருந்து திரும்பியிருந்தேன். அப்பகுதியின் கருங்கல் பாறைகளிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பற்களில் கறையும், முற்றினால் எலும்புகளில் வளைவும் இறுக்கமும் ஏற்படும். வளைந்த எலும்பை நிமிர்த்த மருந்தில்லை. ஆற்று நீர் இப்போது குழாயில் வருகிறது என்றாலும், வராத நாள்களில் பழைய அடிகுழாய்களை மக்கள் நாடுவதுண்டு. அப்படியொரு அடிகுழாய், முதுகு வளைந்த ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலை ஒட்டி இருந்தது. நான் மாதிரி எடுத்தேன். முடிவு 4 மில்லிகிராமுக்கும் மேல். கடமையுணர்வோடு உரியவர்களுக்குத் தெரிவித்தேன். குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசினர். சில நாள்களில் கைப்பிடியையும் கழற்றிவிட்டனர்.

அடுத்த முறை போனபோது மூதாட்டி என்னைத் திட்டவில்லை. தேநீர் கொடுத்தார். பேச்சினிடையே, "முன்னெல்லாம் பொழுது சாயும்வரை வாசலில் ஆள் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். குடம் நிறையும் நேரத்துப் பேச்சு, அவர் எடுத்துவைக்கும் பாக்கு, பிள்ளைகளின் சண்டை எல்லாம் அந்தக் கைப்பிடியோடு போய்விட்டன. நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் என் ஆய்வேட்டில் இதை எழுத எந்த இயலிலும் இடம் கிடைக்கவில்லை.

ஆறாம் அத்தியாயத்தில் ஒரு தீவு. அங்கே அகோயா என்ற பெண்ணை ஊரார் உயிருள்ள தெய்வமாக வணங்குகின்றனர். அவள் உடலில் புகுந்த முஷியின் ஆயுள் ஒரே நாள். அவளும் அதன் காலத்தையே வாழ்கிறாள். ஒவ்வொரு காலையும் புதுப்பிறப்பு, ஒவ்வோர் இரவும் ஒரு முடிவு. கிங்கோ அவளை அதிலிருந்து விடுவிக்கிறான். விடுபட்டவளுக்குக் கிடைப்பது மகிழ்ச்சியன்று, திகைப்பு. முன்னே நீண்டு கிடக்கும் முடிவற்ற நாள்களைப் பார்த்து அவளுக்குக் கால் எழவில்லை. அதன்பின் நடப்பதை இங்கே சொல்லமாட்டேன். மருத்துவமோ சமூகப்பணியோ கல்வியோ, பிறர் வாழ்வில் நன்மையின் பெயரால் நுழையப்போகும் எவரும் அந்த இருபத்து நான்கு நிமிடங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இத்தொடரைப் பற்றி என் அறைத்தோழிக்குக் கடுமையான குறை ஒன்றுண்டு. அவள் அரசியல் அறிவியல் ஆய்வாளர். "யாருமே குற்றவாளி இல்லை, முஷி தன்பாட்டுக்கு வாழ்கிறது, மனிதன் தன்பாட்டுக்கு வாழ்கிறான் என்றால் இது சுகமான தப்பித்தல்தானே? உன் ஊர்த் தண்ணீருக்கும் இதையே சொல்வாயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, பல நாள் விடையின்றி இருந்தேன். மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. முஷியின்மேல் பழியில்லை என்று தொடர் சொல்கிறதே தவிர, மனிதர்மேல் பழியில்லை என்று எங்கும் சொல்லவில்லை. அகோயாவின் நிலையை வைத்துத் தீவை ஆள்பவன் அவளுடைய தந்தை. ஐந்தாம் அத்தியாயத்தில் வெள்ளத்தைத் தணிக்கவென்று ஒரு பெண்ணை நீருக்குப் பலியிடுவது ஊர். சதுப்பு நீர்தான் அவளை ஏற்றுக்கொள்கிறது. பாறையில் புளோரைடு இருப்பது யாருடைய குற்றமும் அன்று. கிணறு வற்ற வற்ற ஆழ்துளையை மேலும் ஆழமாக இறக்கியதும், நீர் கெட்டதென்று அறிந்தபின்னும் மாற்று நீர் வந்துசேர அத்தனை ஆண்டுகள் ஆனதும் வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்க்க என் பாடநூல்களைவிட இந்தக் கதைகளே எனக்கு உதவின. தோழி இதைப் பாதிதான் ஒப்புக்கொண்டாள்.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு 20ஆம் அத்தியாயத்தைத் தனியே பரிந்துரைக்கிறேன். தன்யு என்ற பெண்ணின் வலக்கால் மை போலக் கறுத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவள் குலத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் முஷியின் கறை அது. ஊர் ஊராய்ச் செல்லும் முஷிஷிகள் வந்து, தாம் முஷிகளை அழித்த கதைகளைச் சொல்வர். அவள் கேட்டு எழுதுவாள். எழுதும்போது கறை கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தாகி வலியோடு உடலைவிட்டுத் தாளில் இறங்கும். ஆனால் கொன்ற கதைகளையே கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது. கிங்கோ சொல்பவை பெரும்பாலும் கொல்லாமல் விட்ட கதைகள், அவற்றைத்தான் அவள் விரும்பிக் கேட்கிறாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் அமர்ந்து, களக்குறிப்பேட்டில் யாரோ ஒருவரின் துயரத்தை "நேர்காணல் 14" என்று எண்ணிட்டுக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் எனக்கு அவள் கால் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே அடிகுழாய் வாசலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நெறியாளர் அதைப் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று கூறியிருக்கிறார்.

ஜப்பானிய ஒலியோடு, துணைவரிகள் வைத்துப் பாருங்கள். கதைசொல்லியின் குரலை மொழிமாற்றத்தில் இழக்கவேண்டாம். முதல் அத்தியாயம் பிடிக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு ஐந்தாவதைப் பாருங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வருத்தமில்லை. ஆறாவதைப் பார்த்து முடித்தவர்கள் மட்டும் எனக்கு எழுதுங்கள். அகோயாவின் முடிவைப் பற்றி எனக்கும் தோழிக்கும் இரண்டு ஆண்டாய் வழக்குத் தீரவில்லை. மூன்றாவது ஆளின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம்.