தண்ணீரில் தேய்க்கும் கல்

கபோஷான் என்பது பட்டை வெட்டாத கல். அடி தட்டை, மேலே வழுவழுவென்று குமிழ், அவ்வளவுதான். அதற்கான மெஷின் என் சம்பளத்துக்கு எட்டாது. தாம்பரம் ஹார்டுவேர் கடையின் வாட்டர் பேப்பர் போதும்: 120, 220, 400, 600, 1000, 2000. அதில் ஒட்டியிருக்கும் சிலிக்கன் கார்பைடு மோஸ் அளவில் 9க்கு மேல். குவார்ட்ஸ் வெறும் 7. தேயாம எங்க போகும்? கல்லை அரக்கு வைத்துக் குச்சி நுனியில் ஒட்டிக்கொண்டால் பிடியும் கிடைத்துவிடும்.

நான் தேய்ப்பது பல்லாவரம் கருங்கல். புவியியலில் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைமேல் கிடப்பது இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான்.

அம்மாவின் அப்பா இங்கே குவாரியில் கல் உடைத்தவர். கடைசி வருஷங்களில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். "கல்லு உள்ள போயிடுச்சுடா" என்பார். நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி வெளியே வராது. அதனால் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: தண்ணி இல்லாம கல்லைத் தேய்க்கக் கூடாது. தாளும் கல்லும் தட்டுத் தண்ணீரிலேயே இருக்கும். சேறு காய்வதற்குள் துடைத்துவிடுவேன்.

கடைசியாக, பழைய ஜீன்ஸ் துணியில் செரியம் ஆக்சைடைக் குழைத்துத் தேய்க்க வேண்டும். கருமைக்குள்ளிருந்து மெல்ல ஒரு நீலச் சாயல் வரும். ஆயுசு முழுக்க இந்தக் கல்லை உடைத்த தாத்தா அதைப் பார்த்ததில்லை. முதல் கல்லை அம்மாவிடம்தான் கொடுத்தேன். தாலிச் சரடுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறாள்.