உம்மாவின் மோட்டார்க் கணக்கு

"உம்மா இப்ப கொழும்பில், தங்கச்சியோட நாலாம் மாடியில் இருக்கிறா" என்று ஊரில் ஒருவரிடம் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் நாட்டில் 'நாலாம் மாடி' என்ற சொல் மூத்தவர்களின் காதில் விசாரணைக்குக் கொண்டுபோகும் இடமாகத்தான் விழும். இது வேறு, மாளிகாவத்தை பிளட்ஸ், கீழ்வீட்டையும் சேர்த்து எண்ணினால் நாலாவது தட்டு என்று விளங்கப்படுத்திய பிறகுதான் மனிதர் மீதித் தேநீரைக் குடித்தார். எழுந்து போகும்போது, "அதுவும் ஒரு சிறைதானே சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் நெடுநாள் எனக்குள் கிடந்தது.

எங்கள் ஊர் அநுராதபுர மாவட்டத்தில், ஒரு குளத்துக்கு அண்மையில் இருக்கிறது. வாப்பா 2018இல் மௌத்தானார். இத்தா முடிந்தபின் ஒரு வருடத்துக்கு மேல் உம்மா எங்களோடு இருந்தா. நானும் மனைவியும் ஆசிரியர்கள். காலை ஏழு மணிக்கு வீடு பூட்டுப்படும். அடைத்த வளவுக்குள் உம்மாவும் கோழிகளும்தான். கண்ணில் வெள்ளை படர்ந்து 2020 ஜனவரியில் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. "ரெண்டு மாசம் தங்கச்சி வீட்டில் இருங்க உம்மா, கிளினிக் முடிய வந்து கூட்டிப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு.

ஊரடங்கு எடுபட்ட பிறகும் நான் போய்க் கூட்டிவரவில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் உண்மை இராது. பஸ் இல்லை, தனிமைப்படுத்தல், பரீட்சை, பிள்ளையின் காய்ச்சல் என்று ஒவ்வொரு தவணைக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் உம்மா அங்கே இருப்பது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

தங்கச்சியின் வீட்டுக்குப் புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கி, பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளைத் தாண்டிப் போக வேண்டும். அந்தக் கட்டடங்கள் நான் பிறப்பதற்கு முன்பே எழும்பியவை. மின்தூக்கி கிடையாது. ஒரு படிக்கட்டுக்கு எட்டு வீடுகள், தட்டுக்கு இரண்டு. தங்கச்சியின் வாசலுக்கு ஐம்பத்து நான்கு படிகள். அதை உம்மாதான் முதலில் எண்ணினா. முழங்கால் நோவுள்ளவர்கள்தான் படியை எண்ணுவார்கள். ஏறும்போது பதினெட்டாவது படியில் ஒரு தடவை, முப்பத்தாறில் ஒரு தடவை நிற்பா. முதல் இரண்டு வருடத்தில் கிளினிக்குக்கும் பெருநாளைக்கும் அல்லாமல் அவ கீழே இறங்கியதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு அறை, ஒரு சாலை, ஒரு குசினி, ஓர் ஆள் நிற்கக்கூடிய பெல்கனி. அதில் தங்கச்சியின் உடுப்புக் கொடி போக மீதியிடத்தில் உம்மாவின் பிளாஸ்டிக் கதிரை. இரவில் பிரேமதாச விளையாட்டரங்கில் மெச் இருந்தால் அந்த வெளிச்சம் குசினி வரைக்கும் வரும். யாராவது ஆறு ஓட்டம் அடித்தால் சத்தம் முதலில் மைதானத்திலிருந்து வரும், கொஞ்சம் பிந்தித் தொலைக்காட்சியிலிருந்து வரும். மச்சான் இதைப் பெருமையாகச் சொல்வார். உம்மாவுக்கு அது வேறு வகையில் உதவியது. "இண்டைக்கு மெச் மகன், சல்லி மீன்காரன் பின்னேரம் வரமாட்டான், ரோட்டு அடைபடும்" என்பா.

அந்த மீன்காரனோடு உம்மா வியாபாரம் செய்ததை ஒரு விடுமுறையில் பார்த்து வெட்கப்பட்டேன். பெல்கனிக் கம்பியில் ஒரு நீல நைலோன் கயிறு, அதன் நுனியில் உரப்பையில் தைத்த ஒரு பை. மேலேயிருந்து சத்தமாய் விலை பேசுவா. அவன் கீழேயிருந்து சத்தமாய்ச் சத்தியம் செய்வான். பைக்குள் காசு இறங்கும், மீன் ஏறும். செவுள் சிவப்பாக இல்லாவிட்டால் மீன் திரும்ப இறங்கும். ஊரில் வேலிக்கு வெளியே குரல் கேட்காத பெண் என்று வாப்பா பெருமைப்பட்ட மனுஷி! "என்ன உம்மா இது, நாலு பேர் பார்க்கிறாங்க" என்றேன். "பார்க்கட்டும் மகன், அவங்களும் இப்படித்தான் வாங்குறாங்க" என்றா. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். எதிர்க் கட்டடத்தில் நான்கைந்து கயிறுகள் தொங்கின. பாண்காரனின் முச்சக்கரவண்டி அந்தப் பழைய பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும்போது எல்லாக் கயிறுகளும் ஒன்றாக இறங்கும்.

படிக்கட்டு யாருடையது என்பது இப்படியான இடங்களில் பெரிய கேள்வி. சட்டத்தில் அதற்குப் பதில் உண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி ஒருவருக்கு வீடு தனக்கே உரியது, படிக்கட்டும் கூரையும் போன்றவை எல்லோருக்கும் பொதுவானவை. எல்லோருக்கும் பொதுவான பல்பு எரிந்துபோனால் யாரும் மாற்றுவதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள். கீழே தொட்டியிலிருந்து கூரைத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அப்படித்தான். அதன் கரண்ட் பில்லை எட்டு வீடும் பிரித்துக் கட்ட வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கு மோட்டார் இல்லாமலும் தண்ணீர் வரும், ஆகவே அவர் தரமாட்டார். காசு சேர்த்த இளைஞரை மற்றவர்கள் நம்பமாட்டார்கள். மாதத்தில் மூன்று நாளாவது உச்சித் தட்டுக்குத் தண்ணீர் இல்லை. வுழூவுக்குப் போத்தலில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பா உம்மா.

2022 வந்தது. அந்த வருடத்தை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. கேஸ் சிலிண்டர்கள் வரிசையில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டுக் கிடந்தன. மண்ணெண்ணெய்க்கு இன்னொரு வரிசை. கிராமத்தில் எங்களுக்கு வளவில் விறகிருந்தது, கிணற்றில் வாளி இருந்தது. கேஸும் கரண்டும் நின்ற அன்றே தொடர்மாடி வீட்டில் அடுப்பும் நின்றுவிட்டது. சிமெந்துத் தரையில் விறகு மூட்டினால் புகை மேல்வீட்டுக்குப் போகும், சண்டை வரும். தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு நாள் பாணும் சீனியும் தின்றார்கள் என்று கேட்டு, அரிசியும் தேங்காயும் குளத்துமீன் கருவாடும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். மேலே ஏறப்போனவன் நின்றுவிட்டேன். கட்டடத்தின் பின்பக்கம், மாமரத்தின் கீழ், என் உம்மா ஒரு பலகையில் உட்கார்ந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தா. சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள். மூன்று கற்களை எப்படிச் சாய்த்து வைப்பது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எப்படிப் பார்ப்பது, சோறு கொதித்ததும் எந்த விறகை வெளியே இழுப்பது என்று வகுப்பு நடக்கிறது. பஞ்சிகாவத்தைப் பக்கத்துப் பட்டறையொன்றின் பலகைத் துண்டுகளும் புறக்கோட்டைப் பழப்பெட்டிகளும்தான் விறகு. ஆணியைக் கழற்றி ஒரு டின்னில் போட வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்களே. முதலாம் மாடிச் சிங்களப் பெண்மணியோடு உம்மா எங்கள் நுவரகலாவியச் சிங்களத்தில் வெளுத்து வாங்கினா. கொழும்பிலேயே பிறந்த மச்சானுக்கு அந்தச் சிங்களம் வராது. கீழ்வீட்டுத் தமிழ் டீச்சரின் புட்டுப் பானையும், உம்மாவின் கறிச் சட்டியும் ஒரே நெருப்பில் முறை வைத்து ஏறி இறங்கின.

"எப்படி உம்மா இறங்கினீங்க?" என்று கேட்டேன்.

"படியாலதான்" என்றா.

காலையில் இறங்கி அஸருக்கு மேலே ஏறுவாவாம். பகல் தொழுகை கீழ்வீட்டில். இரவில் முழங்காலுக்குத் தங்கச்சி எண்ணெய் தடவுவாள். நான் மூன்று நாள் நின்றேன். அந்த மூன்று நாளும் உம்மா என்னோடு உட்கார்ந்து கதைக்கவில்லை, நேரமில்லை. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, சற்று மனத்தாங்கலாகவும் இருந்தது.

கேஸ் மறுபடி வந்ததும் அடுப்பு அணைந்தது. ஆனால் ஒரு காரியம் மிஞ்சியது. மோட்டார்க் காசை இனி உம்மாதான் சேர்க்க வேண்டும் என்று எட்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே நெருப்பில் சமைத்தவர்களுக்கு அவ மேல் சந்தேகம் வரவில்லை. கீழ்வீட்டுக்காரரும் கொடுத்தார். வீட்டுக்கு முந்நூறு ரூபா. மின் கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கூடியபின் ஐந்நூறு. யாரும் மேலே ஏறி வந்து கொடுக்கத் தேவையில்லை. பை இறங்கும், காசு ஏறும். தங்கச்சியின் மகனுடைய பழைய கொப்பியொன்றில் கணக்கு எழுதினா. அறபுத் தமிழில்.

உம்மா சிறுவயதில் ஓதப் போன இடத்தில் கற்றது அது. பாடசாலைக்கு மூன்றாம் வகுப்போடு நின்றவ. தமிழ் எழுத்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பா. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் அறபுத் தமிழ் பற்றி நான் ஆறு பக்கத்தில் ஒப்படை எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். அழிந்துவரும் வழக்கு என்று முடிவுரையும் எழுதினேன். எங்கள் குசினி அலுமாரியின் உள்பக்கக் கதவில் உம்மா கரித்துண்டால் பால் கணக்கை எழுதியிருந்ததை ஒப்படையில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. அதை எழுத்து என்றே நான் நினைத்திருக்கவில்லை போலும்.

2023இல் இரண்டாம் மாடி ஹாஜியார் மௌத்தானார். நானும் அப்போது அங்கே நின்றேன். சந்தூக்கை மேலே கொண்டுபோக முடியவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்பாது. மையித்தைப் பாயோடும் சீலையோடும் ஆறுபேர் தூக்கி, திருப்பத்தில் ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து இறக்கினோம். தலைமாட்டில் இருந்தவன் நான். கீழேதான் சந்தூக்கில் வைத்தோம். குற்றம் சொல்ல ஒருவருமில்லை. அந்தப் படிக்கட்டின் அளவு அவ்வளவுதான்.

உம்மா மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தா. அன்றிரவு சாப்பிடும்போது, "மகன், நான் நடந்து இறங்கக்கூடிய காலத்தில என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றா. மூன்றரை வருடத்தில் அவ என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். தங்கச்சி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் எனக்குச் சில மாதங்கள் எடுத்தன. அறையோடு சேர்த்து ஒரு மலசலகூடம் கட்ட வேண்டியிருந்தது. கடன் எடுத்தேன். பகலில் கூட இருக்க மனைவியின் மாமி ஒருவர் சம்மதித்தார். 2024 நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு போனேன். கதிரையில் வைத்து இறக்குகிறோம் என்று பொடியன்கள் நால்வர் வந்து நின்றார்கள். உம்மா கேட்கவில்லை. பதினெட்டுப் படிக்கு ஒருதரம் நின்றா. நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கதவு திறந்தது. ஐம்பத்து நான்கு படி இறங்க முக்கால் மணித்தியாலம். ஓட்டோக்காரன் மீட்டரைப் போட்டுவிட்டான் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து முதல் வாரம் உம்மா முற்றத்து மண்ணில் வெறுங்காலோடு நடந்தா. முருங்கையைப் பார்த்தா, கோழியை விரட்டினா. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. இரண்டாம் வாரம் பாடசாலை விட்டு வந்தபோது படலையருகே கதிரை போட்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தா. "ஒரு மனிசன் போகல்ல மகன், காலையிலிருந்து" என்றா. அதன்பின் தினமும் பின்னேரம் தங்கச்சியின் அழைப்புக்காகக் காத்திருப்பா. சில நாள் பாண்காரனின் மெட்டு போனுக்குள்ளால் கேட்கும். அன்றைக்குக் கதை கொஞ்சம் நீளும்.

போன மாதம் மோட்டார் எரிந்துவிட்டது. திருத்த எல்லோரும் பங்கு போட வேண்டும். யார் முன்பணம் கட்டியிருக்கிறார், யார் பாக்கி என்பதில் மறுபடியும் சண்டை. கொப்பி அரிசி டின்னின் அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. பள்ளிவாசல் மௌலவியிடம் காட்டினார்களாம். அவர் எழுத்தைக் கூட்டினார், ஆனால் உம்மா வீடுகளுக்கு இலக்கம் போடவில்லை. தங்கச்சி பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து என் போனுக்கு அனுப்பினாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முயன்றேன். ஆறு பக்க ஒப்படை எழுதியவனுக்கு மூன்றாவது வரியிலேயே முட்டிவிட்டது.

உம்மா போனை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னா. வலமிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தா.

"இது பூனை வீடு, கட்டியாச்சு. இது கதவு சாத்துற வீடு, ரெண்டு மாசம் பாக்கி. இது புட்டு டீச்சர், ஆயிரம் முன்கூட்டித் தந்தவ, அத விட்டுறாதீங்க. இது..." என்று நிறுத்திச் சிரித்தா.

"யாரும்மா அது?"

"அது ஒங்கட மச்சான். எனக்குச் சொல்ல ஏலாது. அவர் நாலு மாசம் தரணும் எண்டு மட்டும் எழுதுங்க."

எழுதினேன்.