ஈகிள் பப்பின் மேற்கூரை

லண்டன்

அன்புத் தோழிக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரர் காதில் விழும்படி படிக்காதே. நேற்று நட்ட நடுப்பகலில் மகளோடு ஒரு பப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நாம் ஆண்டு தவறாமல் நடத்திய டிஎன்ஏ பாடம் முதன்முதலாக ஊருக்குச் சொல்லப்பட்ட இடம் என்று பெயர் வாங்கிய கடை அது. கேம்பிரிட்ஜில் பெனட் தெருவில் இருக்கிறது. பெயர் ‘ஈகிள்’.

கிங்ஸ் கிராஸில் விரைவு ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ். ஹிட்சின் தாண்டியதும் ஊர்கள் குறைந்து வயல்கள் விரிகின்றன. எனக்கோ ஜன்னலைவிட, டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான வாட்சன் நினைப்புதான். 1953 ஜனவரியில் அவரும் இப்படித்தான் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ரயிலில் திரும்பினார். அன்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மாரிஸ் வில்கின்ஸ் அவருக்கு டிஎன்ஏவின் எக்ஸ்ரே படம் ஒன்றைக் காட்டியிருந்தார். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த 51-ஆம் எண் படம். காட்டியது ஃபிராங்க்ளினுக்குத் தெரியாது. குளிரில் உறைந்த பெட்டியில் உட்கார்ந்து, செய்தித்தாளின் ஓரத்தில் அந்தப் படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டே வந்ததாக வாட்சனே எழுதியிருக்கிறார். டிஎன்ஏ இரட்டை இழைதான் என்ற முடிவுக்கும் அன்றிரவே வந்துவிட்டாராம். அந்தப் பாடத்தை நடத்தியபோது ஃபிராங்க்ளின் பெயரை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்?

கேம்பிரிட்ஜ் ஸ்டேஷன் 1845-இல் திறந்தது. ஊரின் நடுப்பகுதிக்குப் போக அங்கிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். ரயில் வந்தால் மாணவர்கள் லண்டனுக்கு ஓடிக் கெட்டுப்போவார்கள் என்று பல்கலைக்கழகம் பயந்திருக்கிறது. ஹாஸ்டல் வார்டன்களின் கவலை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஈகிள் 17-ஆம் நூற்றாண்டுக் கடை. குதிரை வண்டிகள் வந்து தங்கிய சத்திரம் என்பதால் உள்ளே முற்றம் இருக்கிறது. அதையொட்டி மாடியில் மரத் தாழ்வாரம். இடம் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குச் சொந்தம். மேஜைக்கு யாரும் வந்து கேட்பதில்லை. நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். எனக்கு எலுமிச்சைச் சாறு கலந்த சோடா. மகள் என் முகத்தைப் பார்க்காமல் அரை பைன்ட் பீர் சொன்னாள். நானும் அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த படங்களை ஆராய ஆரம்பித்துவிட்டேன்.

பழைய கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் பக்கத்துச் சந்திலேயே இருக்கிறது. அதனால் அங்கே வேலை செய்த வாட்சனுக்கும் அவருடைய கூட்டாளி கிரிக்குக்கும் பெரும்பாலும் மதியச் சாப்பாடு இங்கேதான். 1953 பிப்ரவரி 28, சனிக்கிழமை. உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கிரிக் இந்தக் கூடத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னாராம். சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, டிஎன்ஏ பெயரில் பீர்கூட விற்றிருக்கிறார்கள். ஆனால் இதை எழுதிவைத்தவர் வாட்சன், அதுவும் 1968-இல் வந்த புத்தகத்தில். கிரிக்கைக் கேட்டால் அப்படிச் சொன்னதாகவே எனக்கு ஞாபகம் இல்லை என்றுவிட்டார்! அவர்கள் இருவரின் கட்டுரை நேச்சர் இதழில் ஏப்ரல் 25 அன்று வந்தது. நோபல் பரிசு 1962-இல். ஃபிராங்க்ளின் 1958-லேயே போய்விட்டார், 37 வயதில். கல்வெட்டில் அவர் பெயர் இல்லையே என்று யாரோ கையாலேயே கிறுக்கிச் சேர்த்த கதையும் உண்டு. பப்பின் சுவரில் கிறுக்குவதை ஓர் ஆசிரியை பாராட்டக் கூடாதுதான். இருந்தாலும் அந்தக் கைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

மகள் பின்னறைக்குக் கூப்பிட்டிருக்காவிட்டால் இதோடு கிளம்பியிருப்பேன். அந்த அறையை விமானப்படை பார் என்கிறார்கள். மேற்கூரை முழுக்கக் கருகல் எழுத்து. இரண்டாம் உலகப்போரில் சுற்றுவட்டார விமானத் தளங்களில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் பையன்கள் மாலையில் இங்கே குடிக்க வந்து, மெழுகுவத்தியாலும் சிகரெட் லைட்டராலும் கூரையைச் சுட்டுத் தங்கள் பெயரையும் படைப்பிரிவு எண்ணையும் எழுதியிருக்கிறார்கள். சிலர் லிப்ஸ்டிக்கால் எழுதினார்கள். உடையில்லாத ஒரு பெண்ணின் கோட்டுருவமும் இருக்கிறது; அதை உனக்கு விவரிக்க மாட்டேன். பிறகு பல ஆண்டுப் புகையிலைப் புகை படிந்து எழுத்துகள் மங்கிப்போயின. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஜேம்ஸ் செய்னி என்பவர் 1990-களில் பொறுமையாக ஆராய்ந்து அவற்றை மீட்டுப் படித்திருக்கிறார்.

நான் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். பாதி எழுத்தைக் கூட்டிப் படிக்கவே முடியவில்லை. எழுதியவர்களுக்கு இருபது வயதும் அதைச் சற்றே தாண்டிய வயதும்தான் இருந்திருக்கும். பிளஸ் டூ முடித்துப் போன நம் பிள்ளைகள் மாதிரி. பெஞ்சில் காம்பஸ் முனையால் பெயர் செதுக்கியதற்கு நான் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன், உனக்கே தெரியும். முன்கூடத்தில் கிரிக் சொன்னாரா, சொல்லவில்லையா என்று தீராத வழக்கு. இந்த அறையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கையெழுத்து கூரையிலேயே இருக்கிறது.

வெளியே வந்து ஃப்ரீ ஸ்கூல் சந்தில் கேவண்டிஷைப் பார்த்தோம். பழைய ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்றின் சுவரில் எரிக் கில் செதுக்கிய முதலை இருக்கிறது. இயற்பியலாளர் ரதர்ஃபோர்டுக்கு அவருடைய சகா கபிட்சா வைத்த பட்டப்பெயராம் அது. எனக்கு அங்கே ஜி.என். ராமச்சந்திரன் நினைவு வந்தது. 1947 முதல் 1949 வரை இங்கே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வாட்சன் 1951-இல் வந்து சேர்வதற்குள் ஊர் திரும்பிவிட்டார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் மும்முறுக்கு இழை என்று 1954-இல் நேச்சரில் எழுதினார். அடுத்த ஆண்டே கிரிக்கும் அவருடைய சக ஆய்வாளர் ரிச்சும் அதில் திருத்தம் சொல்லி வந்துவிட்டார்கள். அந்த விவாதத்தின் முழு விவரம் உனக்குத் தெரிந்திருக்கும். விரிவாக எழுது, மகளிடம் நான் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கேம்பிரிட்ஜை அடுத்த மேடிங்லியில் அமெரிக்கப் போர்க்கல்லறை இருக்கிறது. மூவாயிரத்து எண்ணூறு பேருக்கும் மேல் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மகளுக்கு லீவு கிடைத்ததும் அங்கே போவதாக இருக்கிறோம். கூரையில் கூட்டிப் படிக்க முடிந்த பெயர்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஸ்டாஃப் ரூம் தோழி