முந்தினால் பரிசில்லை

லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து பிரைட்டன் கடற்கரை 60 மைல். நம் கணக்கில் 96 கிலோமீட்டர். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்தச் சாலையில் இறங்கும் ஏறத்தாழ 400 வண்டிகளுக்கு அது ஒரு முழுப் பகல் வேலை. எல்லாமே 1905 ஜனவரி 1-க்கு முன் செய்யப்பட்டவை. முதலில் போய்ச் சேர்ந்தவருக்குக் கோப்பை கிடையாது. சராசரியாக மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. மாலை நாலரை மணிக்குள் வந்து சேர்ந்தால் ஒரு பதக்கம், அவ்வளவுதான். அந்தப் பதக்கத்துக்காகக் கடல் கடந்து, காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

சூரியன் உதிக்கும்போது புறப்பாடு. லண்டனில் அந்தப் பருவத்தில் அது காலை ஏழு மணி. இருட்டு பிரிவதற்குள் பூங்காவுக்குள் வண்டிகள் வரிசை கட்டிவிடும். வயதில் மூத்த வண்டிதான் முதலில் கிளம்ப வேண்டும். பல வண்டிகளுக்குக் கூரையும் கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. ஆகவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கம்பளி, தோல் கோட்டு, காதுவரை இழுத்துக் கட்டிய துணி என்று மூட்டையாகத் தெரிகிறார்கள். சிலர் வண்டியின் காலத்துக்கேற்ப நூறாண்டுக்கு முந்தைய தொப்பியும் உடையும் அணிந்து வருவார்கள். அது வெறும் வேஷம் என்று சிரிப்பவர்கள் நவம்பர் காற்றில் பத்து நிமிடம் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஓசையை வைத்தே வண்டியைச் சொல்லிவிடும் ஆட்கள் அங்கே உண்டு. டி டியோன்-பூட்டனின் ஒற்றை சிலிண்டர் தனித்தனியாக வெடிக்கும், எண்ணிவிடலாம். லோகோமொபீல் நீராவி வண்டி சீறுமே தவிர வெடிக்காது, ஆனால் வழியில் நின்று நின்று தண்ணீர் கேட்கும். அந்தக் காலத்து மின்சார வண்டிகளும் வரும். அவை சத்தமில்லாமல் நகர்ந்துபோவதைப் பார்த்து, மின்சாரக் கார் நம் காலத்துப் புதுமை என்று நினைத்திருந்தவர்கள் விழிப்பார்கள். அமெரிக்க ஓல்ட்ஸ்மொபீலில் ஸ்டியரிங் சக்கரமே இல்லை. படகின் சுக்கான் மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பெரும்பாலானவற்றை ஹேண்டில் அடித்துத்தான் ஸ்டார்ட் செய்கிறார்கள். நம்மூரில் பழைய லாரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குனிதலும் உதறலும் புதிதல்ல.

கிளம்புவதற்கு முன் ஒரு சடங்கு: ஒருவர் சிவப்புக் கொடியை எல்லார் முன்னாலும் கிழித்துப் போடுவார். இதன் கதை 1865-இல் தொடங்குகிறது. இயந்திர வண்டி நகரத்துக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும் என்று அந்த ஆண்டு பிரிட்டனில் சட்டம் வந்தது. அது நீராவி இழுவை இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதியது. பின்னால் வந்த பெட்ரோல் கார்களும் அதில் மாட்டிக்கொண்டன. 1896 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் உச்ச வேகத்தை 14 மைலாக உயர்த்தியது. அன்றைக்கே முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடிக் கொண்டாடின. புறப்படும் முன் காலை விருந்தில் வின்சில்சி பிரபு கொடியைக் கிழித்தார். வேடிக்கை என்னவென்றால், கொடி பிடிக்கும் கட்டாயம் 1878-லேயே நீங்கிவிட்டது. ஆள் முன்னால் நடப்பது மட்டும்தான் 1896 வரை நீடித்தது. இல்லாத கொடியைத்தான் அன்று கிழித்தார்கள், இன்றும் கிழிக்கிறார்கள். படத்துக்கு நன்றாக இருக்கிறது, யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்?

அந்த முதல் ஓட்டத்தை நடத்திய ஹாரி லாசன் சுத்தமான உற்சாகத்தில் இறங்கியவர் அல்ல. மோட்டார் காப்புரிமைகளை வாங்கிக் குவித்து, பிரிட்டனின் மோட்டார் தொழிலையே கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தவர். 1904-இல் மோசடி வழக்கில் ஓராண்டு கடுங்காவல் பெற்றார். அவருடைய ஓட்டத்தைப் பற்றியும் ஒரு வம்பு உலவுகிறது. வந்துசேர்ந்த வண்டிகளில் ஒன்று பிரைட்டனுக்கு ரயிலில் வந்து இறங்கி, மேலே சேற்றைப் பூசிக்கொண்டு முடிவுக்கோட்டைத் தாண்டியது என்பார்கள். புறப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதிதான் சேர்ந்தன என்பதால் அந்த வம்பை நம்ப ஆசையாகவும் இருக்கிறது.

பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1920-களில் இந்த வண்டிகள் கொட்டகையில் கோழி அடையும் இரும்பாகத்தான் கிடந்தன. 1927-இல் ஒரு பத்திரிகை விளையாட்டாகப் பழைய ஓட்டத்தை மறுபடி நடத்தியது; ஜனங்கள் அதற்கு 'ஓட்டைவண்டிப் பந்தயம்' என்ற பொருளில் ஒரு கிண்டல் பெயர் வைத்தார்கள். 1930 நவம்பரில் ஓட்டம் முடிந்த கையோடு பிரைட்டனின் ஓல்டு ஷிப் ஹோட்டலில் சில நண்பர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் வெட்டரன் கார் கிளப். நிறுவியவர்களில் ஒருவர் எஸ்.சி.எச். டேவிஸ். 1927-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பென்ட்லி ஓட்டி வென்றவர். வேகத்தில் புகழடைந்த அந்த மனிதர் ஆசையாக வைத்திருந்தது 1897-ஆம் ஆண்டு லியோன் போலே என்ற மூன்று சக்கர வண்டி. அதற்கு ஒரு சாத்தானின் பெயரை வைத்திருந்தார்: பீல்சபப். ஓட்டிப் பார்த்தவர்கள் பெயர் பொருத்தம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கிளப்பின் அதிகாரம் ஒரு காகிதத்தில் இருக்கிறது. வண்டி எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று உறுப்பினர்களில் விவரம் அறிந்தவர்கள் எஞ்சின் எண், சேசிஸ், கியர், பழைய விலைப்பட்டியல் எல்லாம் பார்த்து முடிவு சொல்வார்கள். 1904 என்று சொன்னால் பிரைட்டன் சாலை திறக்கும். 1905 என்றால் அதே வண்டி வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான். ஏலத்தில் விலையும் இறங்கிவிடும். ஒற்றை ஆண்டுக்காக நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டால் ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள் தோற்றுப்போவார்கள்.

ஹைட் பார்க்கை விட்டதும் வண்டிகள் பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கமாக வந்து, தேம்ஸைத் தாண்டி, பிரிக்ஸ்டன், குராய்டன், ரெட்ஹில் வழியாகத் தெற்கே இறங்குகின்றன. அரண்மனை வரைக்கும்தான் அழகு பார்க்கும் ஊர்வலம். பிரிக்ஸ்டனில் சிவப்பு மாடிப் பேருந்தும் போக்குவரத்து விளக்கும் வந்ததும் உண்மையான பயணம் ஆரம்பமாகிறது. பிரேக் பின்சக்கரத்தில் மட்டும். அதுவும் நினைத்த இடத்தில் நிற்குமென்ற உறுதி இல்லை. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் உடன் வருபவர்கள் இறங்கிக்கொள்ள வேண்டும். இறங்கியும் போதாவிட்டால் தள்ள வேண்டும். வண்டி பின்னால் உருண்டால் தரையில் ஊன்றிக்கொள்ள ஓர் இரும்புக் கம்பு சில வண்டிகளின் அடியில் தொங்குகிறது.

வழியெங்கும் ஓரங்கட்டிய வண்டிகளைப் பார்க்கலாம். அறுந்த பெல்ட், அடைத்த பெட்ரோல் குழாய், சூடேறி மூச்சு வாங்கும் எஞ்சின். அதுதான் இந்த ஓட்டத்தின் சிறந்த காட்சி என்று தயங்காமல் சொல்லலாம். பின்னால் வரும் வண்டிக்காரர் தன் நேரம் போவதைப் பொருட்படுத்தாமல் நிறுத்துகிறார். பெட்டியைத் திறந்து கம்பி, தோல்வார், பழைய பிளக் என்று எதையோ எடுக்கிறார். தெருவிலிருந்து யாரோ தேநீர் கொண்டுவருகிறார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு கார்புரேட்டரைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். இந்தக் கலையின் மூத்த குரு ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் செய்த வண்டியை அவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். எரிபொருளை வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் வாங்கினார்.

இந்தக் கிளப்காரர்களை உலகம் அறியவைத்தது 1953-இல் வந்த 'ஜெனிவீவ்' என்ற நகைச்சுவைப் படம். பிரைட்டன் போய்ச் சேர்ந்த இரண்டு நண்பர்கள், திரும்பும் வழியில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை முதலில் தாண்டுபவருக்கு 100 பவுண்டு என்று பந்தயம் கட்டுகிறார்கள். கிளப் எதைக் கூடாது என்கிறதோ அதையே கதையாக்கிய படம்! அதில் 1904-ஆம் ஆண்டு டராக் காரை ஓட்டிய ஜான் கிரெக்சனுக்குக் கார் ஓட்டவே தெரியாது; படத்துக்காகக் கற்றுக்கொண்டார். படத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த அந்தக் கார் பிற்பாடு ஆஸ்திரேலியா போய், 1990-களில் பிரிட்டன் திரும்பி, இப்போது நெதர்லாந்தில் தி ஹேக் நகரின் லோமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டு உண்டு. முழுக்கப் பொய்யில்லை. ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் இத்தகைய வண்டிகளுக்கென்றே லண்டனில் ஏலம் நடக்கிறது. அங்கே சொல்லப்படும் விலைகள் சாதாரணக் குடும்பத்தின் எல்லைக்கு வெகு தூரம். ஆனால் அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தால் இவற்றின் வாசனையும் நடுக்கமும் யாருக்கும் கிடைத்திருக்காது. விலை உயர்ந்த ஒன்றை மழையிலும் சேற்றிலும் பேருந்துக்கு நடுவிலும் கொண்டுவந்து ஓட்டுகிறார்களே, அந்த ஒரு காரியத்துக்காக இவர்களின் மற்றப் பகட்டை மன்னிக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலம், பெட்ரோல் ரேஷனால் 1947, கொரோனாவால் 2020 தவிர 1927 முதல் ஆண்டுதோறும் அப்படி ஓட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் லண்டன் போகும் வாய்ப்பு உள்ளவர்கள் புறப்பாட்டைப் பார்க்க ஹைட் பார்க் போகலாம். கூட்டமும் குளிரும் மிஞ்சும். அதைவிட பாதி வழியில் உள்ள கிராலி ஊரின் கடைத்தெரு நல்லது. காப்பி குடிக்க வண்டிகள் அங்கேதான் நிற்கும். ஓட்டுபவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள். சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை.