ஜீரோ டர்ன் மோவரும் ஐந்து நிபந்தனைகளும்

வங்கிக்காரனிடம் யாராவது "ஒரு யோசனை சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தால் அது வீட்டுக் கடன், பிக்சட் டெபாசிட், நகைக் கடன் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இருபது வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஒருவர் புல் வெட்டும் மெஷின் வாங்க யோசனை கேட்டார். வேறு யாருமில்லை, எங்கள் ஹவுஸ் ஓனர்.

டேராடூனுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ராஜ்பூர் பக்கம் ஒரு ரிட்டயர்ட் கர்னல் வீட்டின் பின்பகுதியில் குடியிருக்கிறோம். முன்னால் லிச்சி மரங்களும் மாமரங்களுமாக எழுபது சென்ட் புல்தரை. நம்மூர்க் கணக்கில் பன்னிரண்டரை கிரவுண்டுக்கு மேல்! அங்கே முளைப்பது "தூப்" என்று இவர்கள் சொல்லும் புல். சாட்சாத் நம்ம அருகம்புல்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு பிடி அருகம்புல்லைக் காசு கொடுத்து வாங்கிப் பழகிய தங்கமணிக்கு முதல் வருஷம் இதைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது :-)

கர்னல் சாபுக்கு எழுபத்தாறு வயது. மனைவி காலமாகிவிட்டார். மகள் டெக்சாஸில். அங்கே போய் மூன்று மாசம் இருந்தபோது மகள் வீட்டு ஜீரோ டர்ன் மோவரை ஓட்டிப் பழகிவிட்டு, இங்கேயும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. இதில் ஸ்டியரிங் கிடையாது. (சில மாடல்களில் உண்டு, அதை விடுங்கள்.) பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் டிரைவ், தனித்தனி லீவர். இரண்டு லீவரையும் முன்னால் தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும். முன்சக்கரங்கள் ஆபீஸ் சுழல் நாற்காலியின் சக்கரம் போல, இழுத்த பக்கம் வரும், அவ்வளவுதான். மரத்தைச் சுற்றி வெட்ட இதைவிட வசதி கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம் படித்தவன் வேறு எங்கே போவான்?

ஒரு மணிக்கு எவ்வளவு வெட்டும் என்பது அகலம், வேகம் இரண்டையும் பெருக்கினால் வருவது. 42 அங்குல டெக் என்றால், ஓரம் ஒன்றன்மேல் ஒன்று விழுவது போக, மூன்றடி அகலம்தான் நிஜம். மணிக்கு 5 மைல் வேகம் என்றால் 26,400 அடி. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் இருபது சதவீதம் கழித்தால் மணிக்கு சுமார் 63,000 சதுர அடி, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் நடந்து தள்ளுகிற 21 அங்குல பெட்ரோல் மெஷினுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 16,000 சதுர அடி. அரை ஏக்கரை முன்னது இருபது நிமிஷத்திலும், பின்னது ஒன்றே கால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள்ளும் முடிக்கும்.

இனி காசு. எங்களுக்கு வந்த கொட்டேஷனில் ஜீரோ டர்ன் ஆறு லட்சம். தானாக நகரும் 21 அங்குல மெஷின் எழுபதாயிரம். இரண்டுக்கும் பத்து வருஷ ஆயுள். போட்ட பணத்துக்கு ஏழு சதவீத வட்டி நஷ்டம். இங்கே குளிர்காலத்தில் புல் தூங்கிவிடும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை என்று வருஷத்துக்கு 26 வெட்டு வரும். பெட்ரோல், சர்வீஸ் சேர்க்காமலே ஜீரோ டர்னுக்கு ஒரு வெட்டுக்குச் சுமார் 3,900 ரூபாய். மற்றதற்கு 460 ரூபாய் கூட இல்லை. லோன் ப்ரொபோசலாக என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

காசைவிட எனக்கு பயமாக இருந்தது நிலம். புல்தரையின் கீழ்ப்பகுதி ஓடையை நோக்கிச் சரிகிறது. ஜீரோ டர்னில் பின்சக்கரம்தான் ஓட்டம், பின்சக்கரம்தான் திருப்பம், பெரும்பாலும் பின்சக்கரம்தான் பிரேக். சரிவில் அது வழுக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். பெரும்பாலான கையேடுகளில் 15 டிகிரிக்கு மேல் இறங்காதே என்று போட்டிருக்கும், சிலவற்றில் 10 டிகிரிதான். அளப்பது சுலபம். ஒரு மீட்டர் நேரான சட்டத்தைச் சரிவில் வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, மட்டம் வரும்வரை கீழ்முனையைத் தூக்க வேண்டும். தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே 27 சென்டிமீட்டர் இருந்தால் அது 15 டிகிரி. நானும் மாலியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். 34 சென்டிமீட்டர் வந்தது. கிட்டத்தட்ட 19 டிகிரி. அதற்குக் கீழே ஓடைக்குச் செங்குத்தான பள்ளம். டேராடூனில் வருஷத்துக்கு சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஜூலையிலும் ஆகஸ்டிலும். புல் மளமளவென்று வளர்வதும் அப்போதுதான், தரை வழுக்குவதும் அப்போதுதான்.

அளந்துகொண்டிருக்கும்போது மாலி மெதுவாகக் கேட்டார். "சாப், இந்த வண்டி வந்தால் நான் போகணுமா?" பதினெட்டு வருஷமாக இந்தப் புல்தரையில் பழைய மெஷினைத் தள்ளிக்கொண்டிருப்பவர். அறுபதைத் தொட்டுவிட்டார். வெட்டி முடித்துவிட்டு மாமரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினம் பார்க்கிறேன். அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்கு, சரிவு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கர்னலிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "மேனேஜர் சாப், கணக்கு சரி. ஆனால் என் முழங்காலுக்கு இதில் காலமே இல்லையே?" என்றார்.

அவருக்கு வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. புல்தரையில் பத்து நிமிஷத்துக்கு மேல் நடக்க முடியாது. ஸ்டியரிங் வைத்த ரைடிங் மோவரில் பெடல் மிதிக்க வேண்டும். ஜீரோ டர்னில் கையால் லீவரைத் தள்ளினால் போதும். "இந்த வீடு கட்டியதிலிருந்து இந்தப் புல்லை ஜன்னல் வழியாகப் பார்த்ததில்லை. இப்போது இரண்டு வருஷமாக ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

வங்கியில் சாங்ஷன், ரிஜெக்ட் என்று இரண்டு வழிதான் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாவதாக நிபந்தனைகளோடு சாங்ஷன் என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து ஐந்து எழுதினேன்.

ஒன்று, சரிவான இருபது சென்டில் மெஷின் இறங்கவே கூடாது. சரிவு தொடங்கும் விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே வேலி. கீழே வெட்டிவேர் நட்டுவிடலாம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெட்டுகிற வேலையும் இல்லை.

இரண்டு, ஈரத்தில் ஓட்டக் கூடாது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடிக்க வேண்டும். ஈரத்தில் நின்ற இடத்தில் சுற்றினால் புல்லும் வேரோடு பெயர்ந்து வரும்.

மூன்று, பின்னால் உள்ள ரோல் பார் நிமிர்ந்தே இருக்க வேண்டும், பெல்ட் போட வேண்டும். பெல்ட் போடாமல் ரோல் பார் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

நான்கு, தனியாக ஓட்டக் கூடாது. பேரப்பிள்ளைகள் வந்தாலும் மடியில் உட்கார வைக்கக் கூடாது, பிளேடு சுற்றும்போது குழந்தைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். (என் பையனையும் சேர்த்துத்தான். இன்னும் என்னோடு பேச்சு கிடையாது.)

ஐந்து, மாலியின் சம்பளம் குறையக் கூடாது. மெஷினைக் கழுவுவது, பிளேடு தீட்டுவது, ஓரம் வெட்டுவது, வெட்டிவேர் நடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கர்னல் ஓட்டும்போது பக்கத்தில் நிற்பதும் அவர்தான். நான்காவது நிபந்தனையை நிறைவேற்றவே அவர் வேண்டும்.

கர்னல் ஐந்திலும் கையெழுத்துப் போட்டார். ராணுவக்காரர், தேதியும் போட்டார். ஐந்தாவதைப் படித்துவிட்டு, "இதை எழுத வேண்டுமா என்ன?" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார். எழுதியது நல்லது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அன்று சாயங்காலமே அந்த வரியை மாலிக்கு இந்தியில் படித்துக் காட்டினேன்.

மெஷின் போன மழைக்காலம் முடிந்து, டெல்லியிலிருந்து லாரியில் வந்தது. கேட்டில் நுழையும் நேரத்தில் ஒரு சிக்கல். டெக் 42 அங்குலம் என்றாலும், பக்கவாட்டில் புல்லைத் தள்ளும் தகடு விரிந்தால் இன்னும் சுமார் ஒரு அடி வேண்டும். தகட்டை மடக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். ஸ்பேர் பார்ட்ஸுக்கும் டெல்லிதான், அதனால் பெல்ட்டும் பிளேடும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறோம்.

உங்களில் டல்லாஸிலோ, பெங்களூர் பக்கம் பண்ணை வீட்டிலோ இருப்பவர்கள் இது மாதிரி வாங்குவதாக இருந்தால், குதிரைசக்தியையும் டெக் அகலத்தையும் பார்ப்பதற்கு முன் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். சரிவு, கேட்டின் அகலம், மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, சர்வீஸ் எத்தனை தூரத்தில் என்ற நான்கும் தெரிந்தால் பாதி மாடல்கள் தானாகவே கழன்றுவிடும். மீதியில் யார் ஓட்டப்போகிறார் என்று கேளுங்கள்.

மெஷினில் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் உண்டு. இதுவரை பதினொரு மணி நேரம் காட்டுகிறது. ஆறு லட்சத்துக்குப் பதினொரு மணி நேரம். கர்னல் இருபது நிமிஷ வேலையை நாற்பது நிமிஷம் ஓட்டுகிறார், மரத்துக்கு மரம் நிறுத்தி மாலியோடு பேசிவிட்டுத்தான் நகர்கிறார். நான் வெட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.