மேலே போற ஒற்றன்

ராத்திரி முறையில கரண்ட் வர்ற வாரத்துல நான் வாழைக்காட்டுலதான் கிடப்பேன். மோட்டாரைப் போட்டுட்டு மடை மாத்தி விட்டா, அந்தப் பாத்தி நிறையிற வரைக்கும் வேற வேலை கிடையாது. வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அப்படிப் பார்க்கிற எல்லாருக்கும் ஒண்ணு தெரியும். சில நட்சத்திரம் நடக்கும்.

ஏரோப்ளேன்னா சிவப்பும் பச்சையும் மினுக்கும். இது மினுக்காது. சத்தமும் வராது. ஒரே சீரா நாலஞ்சு நிமிஷத்துல வானத்தைத் தாண்டிப் போயிரும். சில சமயம் நடுவழியிலேயே அணைஞ்சும் போகும். சாட்டிலைட்டுதான். அதுக்குன்னு தனி விளக்கு கிடையாது, வெயில் பட்டு மின்னுது. பொழுது சாய்ஞ்சு காட்டுல நிழல் விழுந்த பிறகும் பனைமர உச்சியில வெயில் இருக்கும் பாருங்க, அதே கதைதான். அதனால பொழுது விழுந்து கொஞ்ச நேரமும், விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியும்தான் நல்லாத் தெரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் தங்கச்சி மகன் போனைக் காட்டி, "மாமா, இப்ப ஒண்ணு வரும் பாருங்க. அமெரிக்காக்காரனோட உளவு சாட்டிலைட். பேரு லாக்ராஸ் 5" என்றான். 2005 ஏப்ரல் 30ஆம் தேதி ஏவினதாம். ரேடார் வச்சிருக்கிறதால ராத்திரியானாலும் மேகம் மூடினாலும் அதுக்குப் பூமி தெரியுமாம். சொன்ன மாதிரியே லேசா செம்மண் நிறத்துல ஒண்ணு வந்தது. திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்துல கடந்து போனது.

எனக்கு ஒரு சந்தேகம். "உளவுன்னா ரகசியம்தானே மாப்ள? அது வர்ற நேரம் போன்ல எப்படி வந்துச்சு?"

அவன் சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

ஆயிரக்கணக்கான சாட்டிலைட்டோட பாதைக் கணக்கை அமெரிக்க ராணுவமே வெளியிடுது. ஆனா தன்னோட உளவு சாட்டிலைட் கணக்கை மட்டும் வெளியிடாது. அதைக் கண்டுபிடிக்கிறது பல நாட்டுல சிதறிக் கிடக்கிற சில சாதாரண ஆட்கள். பைனாகுலரும் ஸ்டாப் வாட்சும் போதும். தெரிஞ்ச ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல அது எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எத்தனை செகண்டுக்குக் கடந்ததுன்னு குறிச்சுக்குவாங்க. இப்படிப் பல இடத்துல, பல நாள் குறிச்சதை ஒண்ணாச் சேர்த்துக் கணக்குப் போட்டா பாதை தெரிஞ்சிரும்.

இதுல தாழப் பறக்கிற சாட்டிலைட் ஒண்ணரை மணி நேரத்துல பூமியை ஒரு சுத்து சுத்தும். செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல வேகம். செக்கு மாட்டை நினைச்சுக்குங்க. சுத்துற வட்டம் சின்னதானா சீக்கிரம் சுத்தி வரும். சாட்டிலைட்டும் அப்படித்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டா கீழே இறங்கியிருக்குன்னு அர்த்தம். தாமதமா வந்தா மேலே ஏத்தியிருக்காங்க. கண்ணுல படாம நழுவினாலும் நாலு நாள்ல திரும்பப் பிடிச்சிருவாங்க.

2019 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஈரான்ல செம்னான் ஏவுதளத்துல ஒரு ராக்கெட் வெடிச்சது. மறுநாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த இடத்தோட படத்தை ட்விட்டர்ல போட்டுட்டார். அவ்வளவு தெளிவான படம். எங்கிருந்து எடுத்ததுன்னு அவர் சொல்லலை. நெதர்லாந்துல மார்க்கோ லாங்புரூக்னு ஒருத்தர். படிச்சது தொல்லியல், பழக்கம் சாட்டிலைட் பார்க்கிறது. படத்துல இருந்த கோபுரத்தோட நிழலை வச்சு எடுத்த நேரம் தெரிஞ்சது. வட்டமான ஏவுமேடை படத்துல நீள்வட்டமா விழுந்திருந்தது. நம்ம கிணத்து வாயும் நேர் மேலே இருந்து பார்த்தா வட்டம், தள்ளி நின்னு பார்த்தா நீளவாக்குல தெரியும் இல்லீங்களா? அந்தச் சாய்வை அளந்தா எந்தக் கோணத்துல இருந்து எடுத்ததுன்னு சொல்லலாம். அந்த நேரத்துல, அந்தக் கோணத்துல ஈரானுக்கு மேலே போனது 2011 ஜனவரி 20ல ஏவின யு.எஸ்.ஏ. 224ங்கிற உளவு சாட்டிலைட். கணக்கு பொருந்திருச்சு. நிழலைப் பார்த்து நேரம் சொல்றது எங்க அப்பனுக்குத் தெரிஞ்ச வித்தைதான். அதை வச்சு வல்லரசோட கேமராவையே அடையாளம் காட்டிட்டாங்கன்னு படிச்சப்ப மனசுக்குள்ள ஒரு சந்தோஷம்.

இதை விளையாட்டுன்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டுக்கே இது ஒரு காலத்துல பெரிய விஷயமா இருந்தது. 1995 டிசம்பர்ல பொக்ரான்ல அணுகுண்டு சோதனைக்கு ஏற்பாடு நடந்ததை அமெரிக்க சாட்டிலைட் பார்த்துருச்சு. நெருக்கடி வந்து, சோதனை நின்னு போச்சு. 1998ல நம்ம ஆட்கள் உஷார். சாட்டிலைட் எப்ப தலைக்கு மேலே வரும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு ராத்திரியில வேலை பார்த்தாங்க. விடியறதுக்குள்ள வண்டி வாகனத்தை எல்லாம் பழைய இடத்துலயே கொண்டுபோய் நிறுத்தினாங்க. நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாம் ராணுவ உடுப்பு போட்டுக்கிட்டு அங்கே நடமாடினார். மே 11ஆம் தேதி மத்தியானம் 3.45க்கு குண்டு வெடிச்ச பிறகுதான் அமெரிக்காவுக்கே தெரிஞ்சது.

மேலே இருக்கிறவன் எவ்வளவு பெரியவனா இருந்தாலும் சுத்துப்பாதைக்கு அடங்கித்தான் போகணும். நினைச்ச நேரத்துல நினைச்ச இடத்துல நிக்க முடியாது. அவன் நேரம் தெரிஞ்சவனுக்கு அவன்கிட்ட பயம் குறைஞ்சிரும்.

"அடுத்த நாட்டு ராணுவ ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கிறது தப்பில்லையா?"ன்னு என் மகள் கேட்டா. நியாயமான கேள்வி. 2009ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன நம்ம ரிசாட் 2ம் ரேடார் சாட்டிலைட்தான். அதையும் எவனாவது ஒருத்தன் ஸ்டாப் வாட்ச் வச்சு எண்ணியிருப்பான். நான் யோசிச்ச வரைக்கும் சொல்றேன். ரஷ்யாகிட்டயும் சீனாகிட்டயும் பெரிய பெரிய ரேடார் இருக்கு. அவங்களுக்கு இது ரகசியமே இல்லை. பட்டியல்ல மறைச்சா உண்மையில மறையிறது என்னை மாதிரி, உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும்தான். நம்ம தலைக்கு மேலே என்ன போகுதுன்னு தெரிஞ்சுக்க நமக்கு உரிமை உண்டு. வரப்புல ஒருத்தன் நடந்து போனாலே "யாருங்க அது?"ன்னு கேட்கிற ஊரு இது.

தங்கச்சி மகன் ஊருக்குப் போன பிறகு நானே ஒரு பழைய டைரியில குறிக்க ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் பதினேழு தடவை பார்த்திருக்கேன். பெரும்பாலும் சொன்ன நேரத்துக்கு ரெண்டு மூணு செகண்ட் முன்னே பின்னே. என் போன் கடிகாரத்துக்கு அவ்வளவுதான் துல்லியம். நகரத்துல இருக்கிறவங்க மொட்டை மாடியில லைட்டை அணைச்சிட்டு, பொழுது விழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பாருங்க. கழுத்து வலிக்கும், பாய் விரிச்சுப் படுத்துக்கிறது நல்லது.